பெருநாடி வீக்கமும் ஒட்சியேற்ற நொதியங்களும்: விற்றமின் குளிசை ஏன் கைகொடுப்பதில்லை

சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கான். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: பெருநாடி 4.1 சென்ரிமீற்றர், அனியூரிசம். வயிற்றுப் பெருநாடி வீக்கம் உள்ள பலருக்கு அது தெரியவருவது இப்படித்தான், வேறு எதற்கோ எடுத்த ஸ்கானில் தற்செயலாக. வலி இருக்காது, வேறு அறிகுறியும் பெரும்பாலும் இருக்காது.

அன்றிரவே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக இணையத்தில் தேடுவார்கள். "ஒட்சியேற்ற அழுத்தம்" என்ற சொல் கண்ணில் படும். அதற்குப் பக்கத்திலேயே "அன்ரிஒக்சிடன்ற்" (ஒட்சியேற்ற எதிர்ப்பி) குளிசை விளம்பரமும் வரும். கொழும்பில், காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் எந்தப் பார்மசிக்குள் நுழைந்தாலும் விற்றமின் ஈ போத்தல்கள் தட்டில் வரிசையாக நிற்கும். ஒட்சியேற்றத்தால் வரும் நோய் என்றால் ஒட்சியேற்ற எதிர்ப்பி குடித்தால் சரிதானே?

நியாயமான கேள்விதான். ஆனால் மனிதர்களில் செய்து பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது, நாடிச் சுவருக்குள் எந்த நொதியம் எங்கே என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

பெருநாடிச் சுவர்

இதயத்தின் இடது இதயவறையிலிருந்து புறப்பட்டு, நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்கும் கிளை பிரியும் குழாய்தான் பெருநாடி. அதன் சுவரில் மூன்று படைகள் உண்டு. குருதியைத் தொடும் உட்படை மெல்லியது. வெளிப்படை கொலாஜன் என்ற உறுதியான நாரால் ஆனது. நடுப்படையில்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி நடக்கிறது. எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரதம் அங்கே தாள் தாளாக அடுக்கியிருக்கும். தாள்களுக்கிடையே மழமழப்பான தசைக் கலங்கள் இருக்கும்.

எலாஸ்டினைப் பற்றி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் அதைப் பெரும்பாலும் சிறுவயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. வளர்ந்தபின் அறுந்த எலாஸ்டின் தாளுக்குப் பதிலாக ஒழுங்கான புதுத் தாள் வருவதில்லை. இன்னொன்று, நெஞ்சுப் பகுதியைவிட வயிற்றுப் பகுதியில், குறிப்பாகச் சிறுநீரக நாடிகளுக்குக் கீழே, இந்தத் தாள்களின் எண்ணிக்கை குறைவு. வயிற்றுப் பெருநாடி வீக்கங்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த இடத்தில் வழக்கமான விட்டம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். 3 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ போனால் வீக்கம் என்கிறோம். விட்டம் கூடக்கூடச் சுவரில் விழும் இழுவிசையும் கூடும், அதுவும் உள்ளே இருக்கும் பிரஷர் மாறாமலேயே. சைக்கிள் ரியூப்பில் ஒரு இடம் புடைத்துவிட்டால், அதற்குப்பிறகு காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடமே மேலும் புடைப்பதைப் பார்த்திருப்போம். இதுவும் அப்படித்தான். பெரிய வீக்கம் சிறிய வீக்கத்தைவிட வேகமாக வளர்கிறது, வெடிக்கும் ஆபத்தும் அதில் அதிகம். வெடித்துவிட்டால் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடிவதில்லை. பலர் வைத்தியசாலைக்கு வந்து சேரும் முன்பே இறந்துவிடுகிறார்கள். ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரலில் இறந்தது இந்த நோயால்தான். 1948இல் ருடொல்ப் நிசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றிவைத்தார். அன்று செய்யக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான்.

ஒட்சியேற்ற அழுத்தம் என்றால் என்ன

நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் பெரும்பகுதி, கலங்களில் சக்தி உண்டாக்கும் இழைமணிகளுக்குள் நான்கு இலத்திரன்களை ஏற்று நீராகிறது. சில வேளைகளில் ஒரேயொரு இலத்திரன் மட்டும் ஒட்சிசன் மூலக்கூறில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கிடைப்பது சுப்பரொட்சைட்டு. சோடி சேராத இலத்திரன் உள்ள இத்தகைய மூலக்கூறுகளைச் சுயாதீன மூலிகங்கள் என்கிறோம். சுப்பரொட்சைட்டிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டு உருவாகும். அதிலிருந்து, பக்கத்தில் இரும்பு இருந்தால், ஐதரொட்சில் மூலிகம் உருவாகும். இந்த மூன்றில் மிக மோசமானது ஐதரொட்சில். உருவான இடத்திலேயே கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று எது கிடைத்தாலும் தாக்கும்.

இவை எல்லாமே நஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்வதற்குச் சுப்பரொட்சைட்டை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. சிறு அளவு ஐதரசன் பரவொட்சைட்டு கலங்களுக்கிடையே செய்தி கடத்தவும் பயன்படுகிறது. உற்பத்தி ஒரு பக்கம் கூடி, அடக்கும் திறன் மறுபக்கம் குறைந்து, சமநிலை தவறும் நிலைக்குத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர்.

உற்பத்தி செய்யும் நொதியங்கள்

1. நொக்ஸ் நொதியங்கள். இவற்றின் முழுப்பெயர் என்ஏடிபிஎச் ஒக்சிடேஸ். சுப்பரொட்சைட்டோ ஐதரசன் பரவொட்சைட்டோ தயாரிப்பதுதான் இவற்றின் தொழில், அது வேறொரு வேலையின் பக்கவிளைவாக வருவதில்லை. நாடிச் சுவரில் நொக்ஸ்1, நொக்ஸ்2, நொக்ஸ்4, நொக்ஸ்5 ஆகியவை இருக்கின்றன. பிரஷரை உயர்த்தும் அங்கியோடென்சின்-2 என்ற ஓமோன் இவற்றைத் தூண்டிவிடுகிறது. சிகரெட் புகை, நாடிச் சுவரில் குருதி உரசிப் பாயும் முறையில் வரும் மாற்றம், அழற்சி ஆகியவையும் தூண்டும்.

2. அழற்சி நேரத்தில் தோன்றி நைத்திரிக் ஒட்சைட்டைத் தயாரிக்கும் நொதியம். நைத்திரிக் ஒட்சைட்டு அளவாக இருந்தால் நாடியைத் தளர்த்தும், நல்லது. அதிகமாகச் சுரந்து சுப்பரொட்சைட்டைச் சந்தித்தால் பெரொக்சிநைத்திரைற்று ஆகிவிடும். இந்த இரண்டும் சேரும் வேகம் மிகப் பெரியது. சுப்பரொட்சைட்டை அகற்ற இருக்கும் நொதியத்தையே அது முந்திவிடுகிறது.

3. மையலோபெரொக்சிடேஸ். வெண்குருதிக் கலங்களில் ஒருவகையான நியூத்திரோபில்களுக்குள் இருப்பது. ஐதரசன் பரவொட்சைட்டையும் குளோரைட்டையும் சேர்த்து ஐப்போகுளோரசு அமிலம் செய்கிறது. துணி வெளுக்கும் திரவத்தில் வேலை செய்வதும் இதே இரசாயனம்தான்.

அடக்கும் நொதியங்கள்

முதலாவது சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்ஓடி. 1969இல் மக்கோர்ட், ஃப்ரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். உடலில் மூன்று வகை உண்டு. கலத்தின் திரவப் பகுதியில் இருப்பது எஸ்ஓடி1. இழைமணிக்குள் இருப்பது எஸ்ஓடி2. கலத்துக்கு வெளியே, நார்களுக்கிடையே இருப்பது எஸ்ஓடி3. ஒன்றுக்கும் மூன்றுக்கும் செப்பும் நாகமும் தேவை, இரண்டுக்கு மங்கனீசு.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஸ்ஓடி சுப்பரொட்சைட்டை இல்லாமல் செய்துவிடுவதில்லை, ஐதரசன் பரவொட்சைட்டாக மாற்றித்தான் தருகிறது. அதைத் தீங்கற்ற நீராக மாற்ற இரண்டாவது அணி வேண்டும்: கற்றலேஸ், செலெனியம் உள்ள குளூட்டதயோன் பெரொக்சிடேஸ், பெரொக்சிரெடொக்சின். முதல் அணி விரைவாக வேலை செய்து இரண்டாவது அணி தளர்ந்துபோனால் சுவருக்குள் ஐதரசன் பரவொட்சைட்டு தேங்கும். இரும்பும் பக்கத்தில் இருந்துவிட்டால் ஐதரொட்சில்தான். ஆகவே ஒரு எதிர்ப்பு நொதியம் கூடியிருக்கிறது என்ற ஆய்வுச் செய்தியை மட்டும் வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. அடுத்த படியிலுள்ள நொதியத்தின் நிலையையும் கேட்க வேண்டும். இந்த விடயத்தைப் பற்றிய பிரபலக் கட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் இதுதான், குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

இந்த இரண்டு பட்டியல்களிலும் அடங்காத ஒன்று இலைசில் ஒக்சிடேஸ். செப்பு வேண்டிய நொதியம். எலாஸ்டின் நார்களையும் கொலாஜன் நார்களையும் குறுக்கே பிணைத்து உறுதியாக்குவது இதுவே. இதைத் தடுக்கும் இரசாயனம் கொடுத்த விலங்குகளில் பெருநாடி வீங்குகிறது. சுவரைக் காக்கும் இந்த நொதியமே தன் வேலையின்போது ஐதரசன் பரவொட்சைட்டை வெளிவிடுகிறது. ஒட்சியேற்றத்தை முழுவதுமாக நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் உடலுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை.

வீங்கும் சுவருக்குள் நடப்பது

சத்திரசிகிச்சையில் எடுத்த மனித இழையங்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, வீங்கிய பகுதியில் சுப்பரொட்சைட்டு அளவு, அதே நோயாளியின் வீங்காத அயற்பகுதியைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு என்று காட்டியது. நொக்ஸ் நொதியங்களின் செயற்பாடும் அங்கே கூடியிருந்தது. இது எப்படிச் சுவரைக் கரைக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. புகை, உயர் பிரஷர், வயது, நாடிக்குள் கொழுப்புப் படிவு ஆகியவை சுவரில் அழற்சியைத் தொடக்குகின்றன. வெண்குருதிக் கலங்கள் உள்ளே வருகின்றன. நொக்ஸ் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன.

2. மற்றிக்ஸ் மெற்றலோபுரோட்டினேஸ், அதாவது எம்எம்பி என்ற நார்வெட்டி நொதியங்கள் சுவரில் செயலற்ற நிலையில் காத்திருக்கின்றன. அவற்றின் வெட்டும் இடத்தில் ஒரு நாக அணு இருக்கிறது. அந்த நொதியத்தின் ஒரு வாலில் உள்ள கந்தக அணு நாகத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டாக நிற்கிறது. ஒட்சியேற்றிகள் அந்தக் கந்தகத்தைத் தாக்கியதும் பிடி விடுகிறது, நொதியம் வெட்டத் தொடங்குகிறது. எலாஸ்டினை வெட்டுவதில் முக்கியமானவை எம்எம்பி-2, எம்எம்பி-9.

3. எம்எம்பிகளை அடக்கிவைக்க உடலில் இருக்கும் தடுப்புப் புரதங்களைப் பெரொக்சிநைத்திரைற்றும் ஐப்போகுளோரசு அமிலமும் செயலிழக்கச் செய்கின்றன. வெட்டும் நொதியம் விழிக்கும் அதே நேரத்தில் தடுப்பும் போய்விடுகிறது.

4. மழமழப்பான தசைக் கலங்கள் இறக்கின்றன. நடுப்படையில் புதிய நாரைச் சுரக்கக்கூடியவை அவைதான்.

5. அறுந்த எலாஸ்டின் துண்டுகளே மேலும் வெண்குருதிக் கலங்களை அழைக்கின்றன. வட்டம் மறுபடியும் முதலாவது படிக்குத் திரும்புகிறது.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. பெரிய வீக்கங்களின் உட்புறத்தில் பெரும்பாலும் தடித்த குருதிக்கட்டி படிந்திருக்கும். அது சும்மா கிடப்பதில்லை. அதற்குள் சிக்கிய நியூத்திரோபில்கள் மையலோபெரொக்சிடேஸை வெளிவிடுகின்றன. உடைந்த செங்குருதிக் கலங்களிலிருந்து இரும்பு வெளியேறுகிறது. ஐதரொட்சில் மூலிகத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன, அதுவும் ஏற்கனவே மெலிந்துபோன சுவரை ஒட்டியே.

எலியில் பலித்தது, மனிதரில் பலிக்காதது

ஆய்வுகூடத்தில் சுண்டெலிக்கு அங்கியோடென்சின்-2ஐ நான்கு வாரம் செலுத்தி வீக்கம் உண்டாக்குவார்கள். அப்படிச் செய்ததில் நல்ல செய்திகள் பல வந்தன. நொக்ஸ் நொதியம் வேலை செய்யத் தேவையான ஒரு துணைப் புரதம் இல்லாத எலிகளில் வீக்கம் குறைந்தது. கற்றலேஸ் அதிகமாக உள்ள எலிகளிலும் குறைந்தது. விற்றமின் ஈ கொடுத்த எலிகளிலும் பலன் தெரிந்தது. விளம்பரங்களில் "ஆய்வில் நிரூபணம்" என்று வருவது இந்தக் கட்டத்திலிருந்து எடுத்தது.

அதே எலி ஆய்வுகளிலேயே மறுபக்கமும் இருக்கிறது. நொக்ஸ்2 இல்லாத எலிகளில் வீக்கம் மோசமானதாக 2014இல் ஒரு ஆய்வு காட்டியது. நைத்திரிக் ஒட்சைட்டு நொதியத்தை மருந்தால் தடுத்தபோது ஒரு ஆய்வில் வீக்கம் குறைந்தது; அதன் மரபணுவையே நீக்கிய எலிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஒரே நொதியம் வெண்குருதிக் கலத்தில் ஒரு வேலையும் தசைக் கலத்தில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. எலிகளில் நொக்ஸ்5 கிடையவே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மனிதர்களில் பெரிய சோதனை பின்லாந்தில் நடந்தது. 50 முதல் 69 வயது வரையான, சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களுக்கு ஆண்டுக்கணக்கில் விற்றமின் ஈ, பீற்றா கரற்றீன், இரண்டும், அல்லது மருந்தில்லாத வெறும் குளிசை கொடுத்தார்கள். புகைப்பவர்கள், வயதானவர்கள், ஆண்கள்: பெருநாடி வீக்கம் வரக்கூடியவர்கள் இவர்கள்தான். முடிவில் இரண்டு விற்றமின்களுமே பெருநாடி வீக்கத்தைத் தடுக்கவில்லை. அதோடு பீற்றா கரற்றீன் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. பாதிப்பில்லாத ஒன்றுதானே, குடித்துப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. குறிப்பாகப் புகைப்பவர்கள்.

சங்கிலியின் அடுத்த கண்ணியான எம்எம்பியைத் தடுத்துப் பார்த்தார்கள். டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் எம்எம்பிகளை அடக்கும், எலிகளில் நன்றாக வேலை செய்தது. சிறிய வீக்கம் உள்ள நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டு கொடுத்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2020இல் வந்தது. வளர்ச்சி குறையவில்லை.

என் கணிப்பில் இந்தத் தோல்விகளுக்கு மூன்று காரணங்கள் உண்டு. விற்றமின் ஈ கொழுப்புச் சவ்வுகளில் இருந்துகொண்டு மூலிகங்களைத் துடைக்கும். நொக்ஸையோ மையலோபெரொக்சிடேஸையோ அது நிறுத்துவதில்லை, உற்பத்தி தொடர்ந்துகொண்டே இருக்கிறது. அடுத்தது காலம். எலிக்கு வீக்கம் தொடங்கும் முன்பே மருந்து கொடுக்கப்படுகிறது. மனிதருக்கு ஸ்கானில் தெரியும்போது எலாஸ்டின் பெருமளவு போய்விட்டிருக்கும், திரும்ப வராது. மூன்றாவது, முன்பே சொன்னதுபோல, ஒட்சியேற்றம் முழுக்க எதிரி இல்லை. குருட்டுத்தனமாக எல்லாவற்றையும் அடக்கினால் தேவையானதும் சேர்ந்து அடங்கும்.

குருதிப் பரிசோதனையில் தெரியுமா

முயற்சி நடக்கிறது. குருதிக்கட்டியிலிருந்து வெளியாகும் பெரொக்சிரெடொக்சின்-1 என்ற நொதியம் நோயாளிகளின் குருதியில் கூடியிருப்பதும், வீக்கத்தின் அளவோடு அது தொடர்புபடுவதும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அன்றாட மருத்துவத்தில் ஸ்கானுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் நிலைக்கு எந்தக் குருதிப் பரிசோதனையும் வரவில்லை. "ஒட்சியேற்ற அழுத்தப் பரிசோதனை" என்று காசு கேட்டால், பெருநாடியைப் பொறுத்தவரை அந்தக் காசுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுப்பது மேல்.

நடைமுறையில் என்ன செய்வது

புகைத்தலை நிறுத்துவது முதலாவது, அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய வேறொன்று இல்லை. சிகரெட்டோ பீடியோ சுருட்டோ, ஒவ்வொரு இழுப்பும் மூலிகங்களை நேரடியாகக் கொண்டுவருகிறது, நொக்ஸையும் தூண்டுகிறது, வெண்குருதிக் கலங்களையும் அழைக்கிறது. மேலே சொன்ன சங்கிலியின் பல கண்ணிகளை ஒரே நேரத்தில் தளர்த்தும் ஒரே வழி இதுதான். தொடர்ந்து புகைப்பவர்களின் வீக்கம் வேகமாக வளர்கிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான விடயம்.

பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம். நாடிக் கொழுப்புப் படிவு உள்ளவர்களுக்கு கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ராற்றின் குளிசை மாரடைப்பைத் தடுக்கக் கொடுக்கப்படும். சிறிய பெருநாடி வீக்கம் உள்ளவரின் உயிருக்கு இதயத்திலிருந்தே அதிக ஆபத்து வருவதால் அந்தக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. நீரிழிவுக்காரர்களில் பெருநாடி வீக்கம் குறைவு என்பது ஒரு விசித்திரமான உண்மை. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்ஃபோர்மின் மருந்து அதற்குக் காரணமா என்று சோதனைகள் நடக்கின்றன. நீரிழிவு இல்லாதவர் வீக்கத்துக்காக அதைத் தானாக வாங்கிக் குடிப்பது தவறு.

அளவைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். 3 முதல் 3.9 சென்ரிமீற்றர் வரை என்றால் அமெரிக்க வழிகாட்டலில் மூன்று ஆண்டுக்கொருமுறை, 4 முதல் 4.9 வரை ஆண்டுதோறும், 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான். பிரித்தானியாவில் இதைவிட நெருக்கமாகப் பார்க்கிறார்கள், 4.5இலிருந்து மூன்று மாதத்துக்கொருமுறை. ஆண்களில் 5.5, பெண்களில் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றரை எட்டும்போது சத்திரசிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அதற்கு முன்பே செய்தால் ஆயுள் கூடுவதில்லை என்று பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய சோதனைகள் காட்டின. "4 சென்ரிமீற்றர், இப்போதே வெட்டிவிடுங்கள்" என்று நோயாளி கேட்டும் டொக்டர் மறுப்பது அதனால்தான், அலட்சியத்தால் இல்லை.

அன்ரிபயோட்டிக் விடயத்தில் கவனம் தேவை. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பரவலாக எழுதப்படும் சிப்ரோஃப்ளொக்சசின், அதே குடும்பத்தைச் சேர்ந்த லெவோஃப்ளொக்சசின் ஆகியவற்றை, வேறு வழி இருக்கும்போது, பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. எந்த டொக்டரிடம் போனாலும் "எனக்குப் பெருநாடி வீக்கம் இருக்கிறது" என்பதை முதலில் சொல்ல வேண்டும். பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பார்மசியில் தானாக மருந்து வாங்கும் பழக்கம் இங்கே உண்மையிலேயே ஆபத்தாகும்.

இலங்கையில் இதற்கென்று நாடு தழுவிய ஸ்கான் திட்டம் இல்லை. பிரித்தானியாவில் ஆண்களுக்கு 65 வயதில் ஒருமுறை அழைப்பு வருகிறது. தெற்காசியர்களில் இந்த நோய் ஐரோப்பியர்களைவிடக் குறைவு என்பதால் எல்லோரும் ஓடிப்போய் ஸ்கான் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் 65 தாண்டிய, புகைத்த அல்லது புகைக்கிற ஆண்களும், தகப்பனுக்கோ சகோதரருக்கோ இந்த வீக்கம் இருந்தவர்களும் தம் டொக்டரிடம் ஒருமுறை கேட்பது நல்லது. வலியில்லாத, சில நிமிட வேலை. வீக்கம் இருந்தால் அடுத்து போக வேண்டிய இடம் குருதிக்கலன் சத்திரசிகிச்சை கிளினிக். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது முந்திய ஸ்கான் ரிப்போர்ட்டுகள் அத்தனையும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் டொக்டர் முதலில் பார்ப்பது வளர்ச்சி வேகத்தை.

வீக்கம் இருப்பது தெரிந்த ஒருவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, கூடவே வியர்வை, மயக்கம் வந்தால், வாயு என்றோ கல் என்றோ நினைத்துக் காத்திருக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, "பெருநாடி வீக்கம்" என்ற சொல்லை முதல் வசனத்திலேயே சொல்லிவிட வேண்டும்.